இரண்டாவது வழி

மார்கழி மாதத்து விடியற்பொழுதிற் போர்வையை விட்டெழுந்து கிணற்றடிக்குச் செல்வதே நம்மிற் பலருக்குப் பெருந்தவம். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவுக்குச் சென்று வந்தோர், அங்கே புல்லின்மேல் உறைபனி வெள்ளை விரித்தாற்போலப் படிந்திருந்ததை வாரக்கணக்கிற் கதையாகச் சொல்வர். நாம் அறிந்த குளிர் இவ்வளவே. ஆயின் மூச்சுக்காற்றே தாடியில் உறைந்து நிற்கும் துருவ வெளிகளில், மாதக்கணக்காகக் கூடாரத்தில் வாழ்ந்து திரும்பிய மனிதர் உளர், திரும்பாதாரும் உளர். இவ்விரு சாராரின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். எண்ணெய்த் தகரத்தின் மூடி, சப்பாத்தின் தையல், கைக்கடிகாரத்தின் சாவி ஆகிய சிறு பொருள்களே பலருடைய உயிரைத் தாங்கியும் போக்கியும் இருக்கின்றன.

பனிவெளிக்குப் புறப்படுவோன் இரண்டு கேள்விகளைத் தன்னைத் தானே கேட்டல் வேண்டும். ‘எதைக் கொண்டு செல்வேன்?’ என்பது முதலாவது. ‘அது கெட்டால் என் செய்வேன்?’ என்பது இரண்டாவது. முதற் கேள்வியை யாவரும் கேட்கின்றனர். இரண்டாவதைக் கேட்போர் சிலரே. அவ்விரண்டாவது கேள்வியைப் பற்றியே இவ்வாரம் சிறிது சிந்திக்க விரும்புகின்றோம்.

குளிர் கொல்லும் விதம்

நம் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 பாகை சதமம். அது 35 பாகைக்குக் கீழ் இறங்கினால் ஆபத்துத் தொடங்குகின்றது. முதலில் உடல் நடுங்கும், பின்னர் விரல்கள் சொற்கேளா, நடை தள்ளாடும், நாக் குழறும், அறிவு மயங்கும். இறுதியில் நடுக்கமும் நின்றுவிடும். நடுக்கம் நின்றவன் குளிர் நீங்கப்பெற்றான் என்று எண்ணுதல் பேதைமை. அவன் உடல் போராட்டத்தைக் கைவிட்டதென்பதே அதன் பொருள்.

வெப்பத்தை நம்மிடமிருந்து கவர்ந்து செல்லும் கள்வர் மூவர்: காற்று, ஈரம், நிலம். வீசுங் காற்று உடலைச் சூழ்ந்துள்ள வெதுவெதுப்பை அடித்துச் செல்லும். ஈரமான உடை உலர்ந்த உடையைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாக வெப்பத்தை இழக்கும். பனித்தரையிற் பாய் இன்றிக் கிடப்போனின் வெப்பத்தை நிலம் உறிஞ்சிவிடும். ஆதலின் குளிர்நாட்டு உடை ஒரே தடித்த உடையாக இருத்தல் தகாது. உள்ளே வியர்வையை வெளிக்கடத்தும் மெல்லுடை, நடுவே கம்பளி, வெளியே காற்றை மறிக்கும் உடை என மூன்று அடுக்காக இருத்தல் வேண்டும். நாம் நாள்தோறும் அணியும் பருத்தி அங்கே பகைவனாகும். அது நீரைக் குடித்துக் குளிர்ந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளியோ நனைந்தபோதும் ஓரளவு சூட்டைக் காக்கும். வியர்க்குமுன் ஓர் அடுக்கைக் களைந்துவிட வேண்டும் என்பது பனிவெளியாரின் முதல் விதி. உழைக்கும்போது வந்த வியர்வை, ஓய்ந்திருக்கும்போது உறைபனியாகும்.

இவ்வறிவைப் புத்தகத்திற் கற்றவரல்லர் நோர்வே நாட்டு ருவால் அமுந்சென். கனடாவின் வடபுறத்துக் கடல்வழியைத் தேடிச் சென்ற அவர், 1903 முதல் 1905 வரை அங்குள்ள தீவொன்றில் இரண்டு மாரிகளைக் கழித்தார். அயலில் வாழ்ந்த நெற்சிலிக் என்னும் இனுயிற் மக்களிடம் மாணவனாக இருந்து, தோலுடையைத் தளர்வாக அணியும் முறையையும் நாய்களைக் கொண்டு சறுக்குவண்டி இழுக்கும் முறையையும் கற்றார். தம்மை நாகரிகர் எனக் கருதிய பலர் இகழ்ந்து ஒதுக்கிய மக்களிடம் அவர் கற்ற பாடம், ஆறேழு ஆண்டுகளின் பின் தென்துருவத்தில் அவர் உயிரைக் காத்தது.

தென்துருவப் பயணத்துக்கு முந்திய மாரிகாலம் முழுவதும் அமுந்செனின் தோழர் வெறுமனே இருக்கவில்லை. சப்பாத்துகளைப் பலமுறை பிரித்துத் தைத்தனர். வண்டிகளைச் சீவிப் பாரங் குறைத்தனர். அவ்வளவு செய்தும், 1911ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி காலமல்லாக் காலத்திற் புறப்பட்டபோது, குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 56 பாகை வரை சென்றது. திசைகாட்டியினுள் இருந்த திரவமே உறைந்தது. சிலருடைய குதிகால்களைப் பனி கடித்தது. அமுந்சென் கொண்டு சென்ற பொருள்களை வழிக் களஞ்சியத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார். மீண்டும் ஒக்டோபர் 19ஆந் திகதியே புறப்பட்டு, டிசம்பர் 14ஆந் திகதி துருவத்தை அடைந்தார். திரும்பிவிடுதலும் ஒரு மாற்றுவழி. அதனை அவமானம் என எண்ணுவோன் பனிவெளிக்கு உரியவனல்லன்.

அடுப்பும் அதன் எண்ணெயும்

பனிவெளியில் எங்கு நோக்கினும் நீரே. ஆயினும் குடிக்க ஒரு துளி இல்லை. பனிக்கட்டியை வாயிலிட்டு உருக்கினால் உடலின் வெப்பமே செலவாகும். எனவே அங்கே எரிபொருள் என்பது உணவு மட்டுமன்று, தண்ணீரும் அதுவே. அடுப்பு அணைந்தால் அருகே உணவு குவிந்திருந்தும் மனிதன் தாகத்தால் மெலிவான்.

நம் வீட்டுத் தாய்மார் நன்கறிந்த பிரைமஸ் அடுப்பு, 1892ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டில் லிண்ட்குவிஸ்ட் என்பார் அமைத்தது. மண்ணெண்ணெயை அழுத்தத்தால் ஆவியாக்கிப் புகையின்றி நீலச் சுவாலையாக எரிக்கும் அவ்வடுப்பே நான்சென், அமுந்சென், ஸ்கொட், ஷாக்கிள்டன் ஆகிய துருவப் பயணிகள் யாவருக்கும் அன்னமிட்டது. அதன் துவாரம் அடைத்தால் ஊசியாற் குத்தி எடுக்க வேண்டும் என்பதும், உள்ளிருக்கும் வாசர் தேய்ந்தால் காற்றுப் பிடிக்காது என்பதும் அடுக்களையிற் பழகியோர் அறிந்தவையே. வீட்டில் ஊசி தொலைந்தால் அயல்வீட்டில் இரவல் வாங்கலாம். துருவத்தில் அயல்வீடு இல்லை.

இங்கிலாந்தின் கப்டன் ஸ்கொட்டும் தோழர் நால்வரும் 1912ஆம் ஆண்டு சனவரி 17ஆந் திகதி தென்துருவத்தை அடைந்தபோது, அமுந்சென் ஐந்து வாரங்களுக்கு முன்னரே வந்து போயிருந்ததைக் கண்டனர். அவ்வேமாற்றத்தைச் சுமந்துகொண்டு திரும்பினர். வழிநெடுக அவர்கள் வைத்துச் சென்ற களஞ்சியங்களில் உணவு இருந்தது; ஆனால் எண்ணெய்த் தகரங்களில் இருக்கவேண்டிய அளவு எண்ணெய் இல்லை. மூடிகளில் இடப்பட்டிருந்த தோல் வாசர்கள் வெயிலிலும் குளிரிலும் கெட்டு, எண்ணெயைக் கசியவும் ஆவியாகவும் விட்டிருந்தன. அமுந்செனோ இத்தகைய கசிவைத் தம் முந்திய வடகடற் பயணத்திற் கண்டறிந்தவர். ஆதலால் தம் தகரங்களின் வாயை ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்.

களஞ்சியம் வைத்த இடத்திலும் வேறுபாடு இருந்தது. ஸ்கொட் தம் பெருங் களஞ்சியத்தைத் தென் அகலக்கோடு 80 பாகையில் வைக்க எண்ணியிருந்தார். மட்டக்குதிரைகள் தளர்ந்தமை கண்டு இரங்கி, ஏறக்குறைய 35 மைல் இப்பாலேயே, 79 பாகை 29 கலையில் வைத்துத் திரும்பினார். மேலுஞ் செல்லவேண்டும் என்று தோழர் ஓட்ஸ் வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. அக்களஞ்சியத்துக்குப் பன்னிரண்டரை மைல் தூரத்திலேயே, புயலால் மறிக்கப்பட்ட கூடாரத்தினுள், எஞ்சிய மூவரும் உயிர் துறந்தனர். ஸ்கொட்டின் நாட்குறிப்பில் இறுதியாகக் காணப்படும் திகதி மார்ச் 29. எண்ணியவாறு 80 பாகையில் வைத்திருந்தால், அவ்விடத்துக்கு வருமுன்னரே அவர்கள் அதனைக் கண்டிருப்பர்.

அமுந்சென் 80, 81, 82 பாகைகளில் மூன்று களஞ்சியங்களை வைத்தார். 80ஆம் பாகைக் களஞ்சியத்தின் கிழக்கிலும் மேற்கிலும் பல மைல் தூரத்துக்குக் கொடிகளை வரிசையாக நாட்டினார். களஞ்சியம் எப்பக்கம், எவ்வளவு தூரம் என்பது ஒவ்வொரு கொடியிலும் குறிக்கப்பட்டிருந்தது. மூடுபனியில் வழிதவறி வருவோனும் ஏதேனும் ஒரு கொடியைக் கண்டு களஞ்சியத்தை அடைவான். தாம் வழிதவறக் கூடும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டமையே அவர் மதிநுட்பம்.

ஈண்டு ஸ்கொட்டைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அவ்வாண்டின் மார்ச் மாதக் குளிர் வழக்கத்துக்கு மிஞ்சியது என வானிலை ஆய்வாளர் பிற்காலத்திற் காட்டியுள்ளனர். நால்வருக்கென வகுத்த உணவிலும் எரிபொருளிலும் ஐவர் வாழவேண்டி வந்தது. ஒவ்வொரு குறையும் தனித்து நோக்கின் சிறிதே. எல்லாம் ஒரே மாதத்தில் வந்து கூடியபோது, அவற்றைத் தாங்குவதற்கான மிச்சம் அவர்கள் கையில் இருக்கவில்லை.

இரண்டும் ஒன்றானால்

மாற்றுவழி என்பது ஒரே பொருளை இரண்டாகக் கொண்டு செல்வது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அரைகுறை உண்மையே. இதனை நான்சென் வரலாற்றால் அறியலாம்.

பிரிட்யோவ் நான்செனும் யோகான்சென் என்ற தோழரும் 1895ஆம் ஆண்டு மார்ச் 14ஆந் திகதி தம் கப்பலை நீங்கி, வடதுருவத்தை நோக்கிப் பனிமேல் நடந்தனர். பூமியின் எப்பகுதியில் நிற்கின்றோம் என்பதை அறிய, சூரியனை நோக்குவதோடு சரியான நேரமும் தெரிதல் வேண்டும். அதற்காக இருவரிடமும் கடிகாரங்கள் இருந்தன. ஏப்பிரில் மாதத்தில் ஒருநாள், நெடும்பகல் நடந்து அலுத்தமையால் இருவருமே சாவி கொடுக்க மறந்தனர். இரண்டு கடிகாரங்களும் நின்றன! அதன் பின் அவர்கள் நேரத்தை ஊகித்தே வைத்துக்கொண்டனர். பல மாதங்களின் பின் நிலத்தைக் கண்டபோதும் அஃது எந்நிலம் என உறுதியாகச் சொல்ல இயலாது தடுமாறினர். கடிகாரம் இரண்டு, அவற்றை நிறுத்திய காரணமோ ஒன்று. ஒரே காரணத்தால் ஒருங்கே கெடக்கூடிய இரண்டு பொருள்கள் உண்மையில் ஒரு பொருளே.

மறு ஆண்டு யூன் மாதத்தில் இன்னுமொரு சோதனை வந்தது. அவர்கள் இரு தோல்வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிக் கடலிற் செலுத்தி வந்தனர். உணவு, துப்பாக்கி, உடை யாவும் அவற்றிலேயே இருந்தன. ஒருநாள் கரையேறி நின்றபோது கட்டிய வார் அறுந்து, வள்ளங்கள் காற்றில் மிதந்து சென்றன. நான்சென் உறைநீரிற் குதித்து நீந்தி, உணர்விழந்த கைகால்களுடன் அவற்றைப் பற்றி ஏறினார். தப்பியது அரும்பேறே. ஒரு வாரமளவில் அவர்கள் ஜாக்சன் என்னும் ஆங்கிலப் பயணியைக் கண்டு காப்பாற்றப்பட்டனர். உயிர்காக்கும் பொருளனைத்தையும் ஓரிடத்தில் வைத்தல் ஆகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே அனுபவமுள்ளோர் தீமூட்டும் கருவிகளை இவ்வாறு பிரித்து வைக்கின்றனர்: மெழுகு பூசிய தீக்குச்சிகள் சட்டைப் பையில், இன்னொரு பெட்டி மூட்டையினுள், நீர்புகாக் குப்பியில், உரசினாற் பொறி சிந்தும் உலோகக்கோல் கழுத்துக் கயிற்றில். குச்சி நனையும், கோல் நனைந்தாலும் பொறி தரும். மூட்டை ஆற்றோடு போனாலும் கழுத்தில் உள்ளது போகாது. கருவி வேறு, இடம் வேறு, கெடும் காரணம் வேறு என மூவகை வேறுபாடும் அமைந்ததே உண்மையான மாற்றுவழி.

கையிலுள்ள கல்வி

எல்லாப் பொருளையும் இரண்டிரண்டாகச் சுமக்க எவராலும் இயலாது. பாரம் கூடினால் நடை தளரும். நடை தளர்ந்தால் உணவு போதாது. இவ்விடத்தே பாரமற்ற மாற்றுவழி ஒன்று உண்டு. அஃது உள்ளதைக் கொண்டு இல்லாததை ஆக்கும் கைத்திறன்.

ஏர்ணஸ்ட் ஷாக்கிள்டனின் ‘என்டூரன்ஸ்’ கப்பல் 1915ஆம் ஆண்டு அந்தாட்டிக்காவின் வெடல் கடலிற் பனிக்கட்டிகளிடையே நசுங்கி, நவம்பர் 21ஆந் திகதி மூழ்கியது. கடலடியில் ஏறக்குறைய 3,000 மீற்றர் ஆழத்திற் கிடந்த அதனை 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கண்டுபிடித்தனர். கப்பலை இழந்த 28 பேரும் சிறு படகுகளில் எலிபன்ட் தீவை அடைந்தனர். அங்கிருந்து உதவி தேடி ஷாக்கிள்டனும் ஐவரும் ஏறக்குறைய 800 மைல் தூரத்தைச் சிறு படகொன்றிற் கடந்தனர். அப்படகைப் பெருங்கடலுக்கு ஏற்றதாக ஆக்கியவர் மக்நீஷ் என்னும் தச்சர். வண்டிச் சட்டங்கள், பெட்டி மூடிகள், கித்தான் ஆகியவற்றால் மேற்றட்டு அமைத்தார். பலகை இடுக்குகளை ஓவியரின் எண்ணெய் வர்ணமும் கடல்நாயின் இரத்தமுங் கொண்டு அடைத்தார்.

அவர்கள் கொண்டு சென்ற பொருள்களுள் பிரைமஸ் அடுப்புகள் இரண்டு, அவற்றின் உதிரிப் பாகங்கள், துவாரம் குத்தும் ஊசிகள், தீப்பெட்டிகள் 30 என்பன இடம்பெற்றன. கப்பல் கொண்டு சென்ற 24 காலமானிகளுள் அப்போது ஒழுங்காக ஓடியது ஒன்றே. அவ்வொன்றைக் கொண்டே வேஸ்லி என்னும் கப்பலோட்டி வழி கணித்தார். 1916ஆம் ஆண்டு மே 10ஆந் திகதி தென் ஜோர்ஜியாத் தீவை அடைந்தனர். ஆனால் மனிதர் வாழ்ந்தது தீவின் மறுகரையில்; இடையே பனிமலை. மலையேறும் சப்பாத்து இல்லை. படகிலிருந்த திருகாணிகளைக் கழற்றிச் சப்பாத்தின் அடியிற் பதித்தார் தச்சர். ஒரு கயிறு, தச்சரின் வாய்ச்சி, ஓர் அடுப்பு, மூன்று நாள் உணவு ஆகியவற்றோடு மூவர் 36 மணி நேரம் ஓயாது நடந்து மறுகரை சேர்ந்தனர். தீவில் விட்டுவந்த 22 பேரையும் மீட்க மூன்று முறை முயன்று தோற்று, நான்காம் முறை, ஓகஸ்ட் 30ஆந் திகதி, சிலி நாட்டு ‘யெல்ச்சோ’ என்னும் சிறு கப்பலில் மீட்டார் ஷாக்கிள்டன். கவிழ்த்த படகுகளையே கூரையாக்கி நாலரை மாதம் வாழ்ந்திருந்த அவர்களுள் ஒருவரும் இறக்கவில்லை.

இக்காலத்துக்கு

இன்று கம்பளியோடு செயற்கை இழையும், திசைகாட்டியோடு செய்மதிக் கருவியும் வந்துவிட்டன. ஆயினும் குளிர் மாறவில்லை. மின்கலம் குளிரில் வலியிழக்கும். அதனை உடையினுள் உடம்போடு அணைத்து வைத்தல் வேண்டும். கருவி உறங்கினாலும் உதவும் என்று கடதாசிப் படத்தையும் திசைகாட்டியையும் உடன் வைத்திருப்பர் அறிந்தோர். வாயு அடுப்பிலுள்ள பியூற்றேன் உறைநிலையளவில் ஆவியாக மறுக்கும். கடுங்குளிர் நாடுகளில் பம்ப் செய்யும் எண்ணெய் அடுப்பே இன்றும் நம்பத்தக்கது.

மூடிய இடத்தில் எரியும் அடுப்பு இன்னொரு வகையிற் கொல்லும். அமெரிக்கரான அட்மிரல் பேர்ட், 1934ஆம் ஆண்டு அந்தாட்டிக்காவிற் பனிக்குக் கீழ் அமைந்த சிறு குடிலில் தனியே மாரியைக் கழித்தபோது, அடுப்பும் மின்னியந்திரமும் வெளிவிட்ட கரியோரொட்சைட்டால் நஞ்சூட்டப்பட்டு மரணத்தின் வாயிலை அடைந்தார். அவர் அனுப்பிய செய்திகளின் ஒழுங்கின்மையால் ஐயுற்ற தோழர், ஓகஸ்ட் மாதத்தில் இருளிற் பயணஞ்செய்து அவரை அடைந்தனர். கூடாரத்திற் காற்றோட்டம் விடுவதும், கூட வந்தோன் முகத்தை அடிக்கடி நோக்குவதும் இதனாலேயே விதியாயின. பனி கடித்த இடம் வெளுத்து உணர்ச்சியற்றுப் போகும். அதனைப் பனியாலே தேய்த்தல் பழைய தவறு. தேய்த்தலால் தசை சிதையும். வெதுவெதுப்பான நீரிலோ உடலின் சூட்டிலோ வைத்தலே தக்கது. மது வெப்பந் தருவதுபோலத் தோன்றினும் இரத்தக் குழாய்களை விரித்து உள்வெப்பத்தை வெளியே கொட்டிவிடும்.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என மாணவர் கேட்கலாம். உறைபனி இல்லாத இடத்திலும் குளிர் மனிதனை வீழ்த்தும் என்பதை அவர்கள் அறிதல் நன்று. நனைந்த உடையும், மலைக்காற்றும், வெறுவயிறும் ஒருங்கு கூடினால், உறைநிலைக்குப் பல பாகை மேலிருந்தும் உள்வெப்பம் இறங்கும். இரவிற் சிவனொளிபாதமலை ஏறுவோரும், ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோரும் மாற்றுச் சட்டை ஒன்றை நீர்புகாப் பையிலிட்டுச் செல்க. கம்பளி ஒன்றும், கைவிளக்கு இரண்டும், சிறிது இனிப்பும் கொள்க. எவ்வழி செல்கின்றோம், எப்பொழுது மீள்வோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்க. இவற்றுட் கடைசியாகச் சொன்னது பாரமற்றது, செலவற்றது. பலரும் மறப்பதும் அதுவே.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை பயணம் புறப்படும்போது ‘எல்லாம் எடுத்துக்கொண்டாயா?’ என்று கேட்பது நம் வீடுகளின் வழக்கம். இனி அதனோடு, ‘அது கெட்டுப்போனால் என்ன செய்வாய்?’ என்றும் ஒருமுறை கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த பிள்ளையை அச்சமின்றி அனுப்பலாம்.